பேட்டைத் தெருவின் படங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வசிக்கிறேன். பள்ளி ஆசிரியர். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் கடைத்தெருவைப் படமெடுத்து வருகிறேன். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. திண்ணை, மரத்தூண், கைப்பிடிச்சுவரின் சுதைவேலை என்று தேடித்தேடி எடுத்தேன். அவற்றில் பாதி இன்று இல்லை. அந்த இடங்களில் ஷட்டர் வைத்த மாடிக் கட்டடங்களும் பிளெக்ஸ் போர்டுகளும்தான். இனி எடுக்க எதுவும் மிச்சமில்லை என்று தோன்றுகிறது. நிறுத்திவிடலாமா? இந்தப் படங்களால் யாருக்கு என்ன பயன்? சில படங்களை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நிறுத்த வேண்டாம்.

நீங்கள் அனுப்பியதில் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது திண்ணைப் படங்களை அல்ல, பாதி இடித்த அந்த வீட்டைத்தான். ஞாயிறு என்பதால் ஆளில்லாமல் நிற்கிறது. கூரை வெட்டுப்பட்டு, மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய மொட்டைமாடித் தளத்தின் அடுக்குகள் அப்படியே தெரிகின்றன. தேக்கு உத்தரக் கட்டைகள், அவற்றின் மேல் மூலைவாட்டில் நெட்டுக்குத்தாக நிறுத்திய சின்னச் செங்கற்கள், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியில் தட்டையான ஓடுகள். கொத்தனார் ஒரு மூலையில் தொடங்கி, ஒரு வரிசையின் மேல் அடுத்த வரிசையைச் சாய்த்துக்கொண்டே போவார். அடியில் முட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. மேல்தளத்தைக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்குவார்கள். வீடு முழுசாக இருந்தபோது எடுத்த எந்தப் படத்திலும் இது தெரிந்திருக்காது.

ஒன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பல படங்களில் மின்கம்பி, போர்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தூணை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். தூண் அழகுதான். ஆனால் அது எந்தக் கடைக்குப் பக்கத்தில் இருந்தது? தெருவையே காணோம். பாரிஸில் அட்ஜே என்றொருவர் 1890களின் பிற்பகுதியில் தொடங்கி, 1927ல் இறக்கும்வரை பழைய நகரத்தைப் படமெடுத்தார். மாடிப்படிக் கைப்பிடியையும் கதவையும் எடுத்தவர், கடை ஜன்னல்களையும் தெரு வியாபாரிகளையும் விட்டுவிடவில்லை. 1920ல் அவரிடமிருந்து 2,600க்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்களைப் பிரெஞ்சு அரசு வாங்கியது. அந்த பிளெக்ஸையும் ஷட்டரையும் எடுங்கள். அவையும் மாறப்போகிறவைதான்.

நம் பக்கமும் ஓவியர்கள் வந்திருக்கிறார்கள். 1792ல் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் பாரமகாலில், அதாவது அன்று அப்படி அழைக்கப்பட்ட நம் பகுதியில், பயணம் செய்து, ராயக்கோட்டை மலையை வரைந்தார்கள். மலை இன்றும் இருக்கிறது. அன்றைய பேட்டைத் தெருவில் என்ன கடை இருந்தது, திண்ணை எத்தனை அடி அகலம் என்று கேட்டால் அந்தப் படம் பதில் சொல்லாது.

உங்கள் படங்களில் பலவற்றில் பின்னால் சையத் பாஷா மலை வந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாறை முகடு எந்தக் கட்டடத்தின் எந்த மூலைக்கு மேல் வருகிறது என்று குறித்து வைத்தால், பத்து வருடம் கழித்தும் சரியாக அதே இடத்தில் போய் நிற்கலாம். அதே லென்ஸில், அதே நேரத்தில் எடுங்கள். தேதி, என்ன கடை, முன்பு அங்கே என்ன இருந்தது, அதை யார் சொன்னார் என்று நாலு வரி எழுதி வையுங்கள். அந்த நாலு வரி இல்லாவிட்டால், நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைகளுக்கே அது எந்த ஊர் என்று தெரியாது.

அப்புறம், பயன். தருமபுரியில் எங்கள் தாத்தா வீட்டை இடித்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு படம்கூட எடுக்கவில்லை. பல வருடம் கழித்து அத்தை மகளின் காதுகுத்துப் படம் ஒன்று கிடைத்தது. அழுகிற குழந்தைக்குப் பின்னால் திண்ணையின் விளிம்பும் ஒரு தூணும் தெரிந்தன. வெற்றிலை போடுகிறவர்கள் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத் தடவித் தடவி, இடுப்பு உயரத்தில் வெளுத்துப்போன தூண். அதை நான் மறந்தே போயிருந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதனால் வீடு வீடாகப் போய் ஆல்பம் கேளுங்கள். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா என்று வாசலில் நின்று எடுத்த படம் எந்த வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். ஆட்களுக்குப் பின்னால் உங்கள் தெரு நிற்கும். நீங்கள் ஆசிரியர், கேட்டால் கொடுப்பார்கள். அங்கேயே உட்கார்ந்து நகல் எடுத்துக்கொண்டு, ஆல்பத்தைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மூன்றாவது படத்தில், பூட்டிய கடையின் கைப்பிடிச்சுவரில் சுதையில் ஓர் ஆண்டு எழுதியிருக்கிறது. 193 வரை தெரிகிறது. கடைசி எண்ணை பிளெக்ஸின் ஓரம் மறைக்கிறது. அடுத்த ஞாயிறு இரண்டடி தள்ளி நின்று எடுத்து அனுப்புங்கள்.