புகார் எண் கிடைத்த பிறகு என்ன நடக்கிறது? உள்ளாட்சியும் இணையமும்

கேள்வி: உள்ளாட்சி அமைப்புகள் இணையத்தைக் கொண்டு மக்களை நிர்வாகத்தில் எப்படிப் பங்கெடுக்க வைக்கின்றன? இதில் எது பலன் தருகிறது, எது பாதியில் நின்றுபோகிறது?

உள்ளாட்சிகள் இணையத்தில் செய்வதெல்லாம் நான்கு வேலைகளுக்குள் அடங்கிவிடும்: தகவல் சொல்வது, புகார் வாங்குவது, ஒரு திட்டம் பற்றிக் கருத்துக் கேட்பது, முடிவெடுப்பதில் ஒரு பங்கை மக்கள் கையிலேயே கொடுப்பது. நான்கும் ஒரே ஆப்பில் வரலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேறு வேறு ஆட்களும் வேறு வேறு நடைமுறையும் வேண்டும். என் கருத்தில், புகார்களை ஒழுங்காக நடத்தாத உள்ளாட்சி மற்றவற்றைத் தொடுவதில் பயனில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று பலமுறை எழுதியும் பதில் வராதவர், நகர வளர்ச்சித் திட்டத்துக்குக் கருத்துச் சொல்ல வரமாட்டார். அதனால் புகாரைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

பிரிட்டனில் மைசொசைட்டி என்ற அமைப்பு 2007ல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்தின் வரிசையைப் பாருங்கள். முதலில் கேட்பது இடம். அஞ்சல் குறியீடோ தெருப் பெயரோ கொடுத்தால் வரைபடம் திறக்கும். அருகே ஏற்கெனவே வந்த புகார்களும் அதில் தெரியும். அதே பள்ளத்தை வேறொருவர் சொல்லியிருந்தால் புதிதாக எழுத வேண்டாம், அந்தப் புகாரின் நிலவரம் தனக்கும் மின்னஞ்சலில் வரும்படி பதிந்துகொள்ளலாம். இல்லையென்றால் இடத்தைக் குறித்து, வகை, விவரம், படம். பெயரும் மின்னஞ்சலும் கடைசியில்தான். எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்பதைக் குறித்த இடத்தையும் வகையையும் வைத்து மென்பொருளே தீர்மானிக்கிறது. நான்கு வாரம் கழித்து, "சரியாகிவிட்டதா?" என்று எழுதியவரையே திரும்பக் கேட்கிறது.

இந்த வரிசையில் எதையும் இடம் மாற்ற வேண்டாம் என்பேன். "முதலில் கணக்குத் தொடங்குங்கள், ஓடிபி போடுங்கள்" என்று வாசலிலேயே நிறுத்தினால், சாலையோரத்தில் நின்றுகொண்டு படமெடுத்தவர் அங்கேயே கிளம்பிவிடுவார். ஆப் இறக்கினால்தான் புகார் என்றாலும் அதே கதைதான். வருடத்தில் இரண்டு முறை தேவைப்படும் ஒன்றுக்காக ஆப்பை யாரும் போனில் வைத்திருப்பதில்லை. உலாவியில் திறக்கும் பக்கம் முதலில் வரட்டும், ஆப் பிறகு வரலாம்.

படத்தில் இரண்டு சிக்கல்கள். போன் கேமரா படம் பெரிய கோப்பு. பலவீனமான சிக்னலில் பாதி ஏறி நின்றுவிடும். அனுப்பும் முன் உலாவியிலேயே அதைச் சுருக்கிவிட வேண்டும். அடுத்தது, படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பு, அதாவது எங்கே எடுத்தது என்று போன் சேர்த்துவைக்கும் தகவல். அதை வைத்து இடத்தைத் தானாக நிரப்பலாம். ஆனால் வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் அந்தக் குறிப்பு பெரும்பாலும் இருக்காது, வீட்டில் இருந்தபடியே எடுத்த படத்தில் வீட்டின் இடம் இருக்கும். எனவே குறியைக் கையால் நகர்த்த வழி வேண்டும். பொதுவில் படத்தை வெளியிடும்போது அந்தக் குறிப்பை நீக்கிவிட வேண்டும்.

தளத்தைவிட முக்கியமானது அதற்குப் பின்னால் இருக்கும் ஓர் அட்டவணை. மென்பொருள் வாங்கும் முன்பே இதைத் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு புகார் வகைக்கும் ஒரு வரி. அதில் பொறுப்பான துறை, பொறுப்பான பதவி, அவர் விடுப்பில் போனால் யார், முதல் பதிலுக்கு எத்தனை நாள், வேலை முடிய எத்தனை நாள், கெடு தாண்டினால் யாருக்குப் போகும் என்பவை. ஒரே தெருவில் சாலை ஒரு துறையுடையதாகவும், விளக்கு இன்னொன்றுடையதாகவும், குடிநீர்க் குழாய் மூன்றாவதுடையதாகவும் இருக்கும். மக்களுக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை, அட்டவணைக்குத் தெரிய வேண்டும். ஏதாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த வகையைத் தளத்தில் காட்டவே கூடாது. மின்னஞ்சல் முகவரி பதவிக்கு இருக்க வேண்டும், ஆளுக்கு அல்ல. அதிகாரி மாற்றலாகிப் போன பிறகு மாதக்கணக்கில் புகார்கள் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்துகொண்டிருப்பது சாதாரணமாக நடக்கிறது. "மற்றவை" என்ற வகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புகார் வந்தால், வகைகள் அலுவலகக் கோப்புகளின் பெயரில் இருக்கின்றன என்று கொள்ளலாம். "மழைநீர் வடிகால் பராமரிப்பு" என்று பட்டியலில் இருந்தால், "தெருவில் தண்ணீர் தேங்குகிறது" என்று சொல்ல வந்தவர் அதைத் தேடிப் பிடிக்கமாட்டார்.

பெரும்பாலான திட்டங்கள் கெட்டுப்போகும் இடம் அடுத்தது: "முடிந்தது" என்ற சொல். ஓப்பன்311 என்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது. நகரங்களின் புகார் அமைப்புகள் ஒன்றோடொன்று பேச உதவும் பயனுள்ள தரம்தான். ஆனால் அதில் ஒரு புகாரின் நிலை இரண்டே: திறந்திருக்கிறது, மூடப்பட்டது. மூடப்பட்டது என்றால் பள்ளம் அடைக்கப்பட்டதா, வேறு துறைக்குப் போனதா, பணம் இல்லை என்று ஒதுக்கப்பட்டதா, இடம் புரியவில்லையா? எழுதியவருக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். பள்ளம் அப்படியே கிடக்க "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று செய்தி வருவதைப்போல நம்பிக்கையை உடைப்பது வேறில்லை. அதிகாரிகளின் திறமையை மூடிய வேகத்தை வைத்து அளந்தால் இது நடந்தே தீரும். எண்ணிக்கைக்காக வேலைக்கு முன்பே மூடிவிடுவார்கள்.

இதற்கு மருந்து இருக்கிறது. அந்தத் தரத்திலேயே நிலையோடு குறிப்பு எழுதவும் இடமுண்டு. அதில் குறைந்தது இந்த ஐந்தையாவது பிரித்துச் சொல்லுங்கள்: சரிசெய்தோம் (படத்துடன்), இந்தத் துறைக்கு அனுப்பினோம் (புதிய எண்ணுடன்), இன்ன மாதத்து வேலைப் பட்டியலில் சேர்த்தோம், செய்ய இயலாது (காரணத்துடன்), இடம் தெரியவில்லை (தொடர்பு கேட்டு). "இயலாது, காரணம் இது" என்ற நேரான பதிலை மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். மௌனத்தைத்தான் ஏற்கமாட்டார்கள். மூடியதை மீண்டும் திறக்கும் பொத்தான் எழுதியவர் கையில் இருக்க வேண்டும். மீண்டும் திறக்கப்பட்டவை எத்தனை என்பதையும் அதிகாரியின் கணக்கில் சேர்த்தால் அவசர மூடல் தானாகக் குறையும்.

புகார் வரைபடத்தை ஊரின் உண்மை நிலவரமாக எடுத்துக்கொள்வது இன்னொரு ஆபத்து. அமெரிக்காவின் பாஸ்டனில் ஸ்ட்ரீட் பம்ப் என்ற ஆப், கார் குலுங்குவதை போனின் உணரியால் கண்டு பள்ளங்களைத் தானே பதிவு செய்தது. ஸ்மார்ட்போன் அதிகம் உள்ள வசதியான பகுதிகளில்தான் பள்ளம் அதிகம் என்று கணக்குக் காட்டிவிடும் அபாயம் அதில் இருந்தது. அதனால், எல்லாப் பகுதிக்கும் ஒரேபோலச் செல்லும் சாலை ஆய்வாளர்களிடம் முதலில் அதைக் கொடுத்தார்கள். புகார் வராத வார்டில் பிரச்சினை இல்லை என்று பொருளல்ல. அங்கே போனோ, மொழியோ, நம்பிக்கையோ இல்லாமல் இருக்கலாம். தொலைபேசியை மூடிவிட்டு இணையத்துக்கு மாறக்கூடாது என்பதும் இதனால்தான். பால்டிமோர் 1996ல் அவசரமற்ற அழைப்புகளுக்கென 311 என்ற எண்ணைக் கொண்டுவந்தது. பிறகு பல அமெரிக்க நகரங்கள் அதைப் பின்பற்றின. போனில் வந்தாலும், நேரில் வந்தாலும், இணையத்தில் வந்தாலும் ஒரே பதிவேட்டில், ஒரே எண் வரிசையில் ஏற வேண்டும்.

கருத்துக் கேட்பில் தொழில்நுட்பத்தைவிட நேர்மைதான் முதல் தேவை. 1985ல் லண்டனின் பிரெண்ட் உள்ளாட்சிக்கு எதிரான ஒரு வழக்கில் பேசப்பட்ட கன்னிங் கொள்கைகள் இன்றும் நல்ல அளவுகோல்: திட்டம் இன்னும் உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும், யோசித்துப் பதில் சொல்லப் போதுமான காரணங்களைத் தர வேண்டும், போதுமான நேரம் தர வேண்டும், வந்த கருத்துகளை மனதில் கொண்டு முடிவெடுக்க வேண்டும். டெண்டர் விட்ட பிறகு "பூங்கா எப்படி இருக்கலாம்?" என்று கேட்பது முதல் கொள்கையிலேயே அடிபடுகிறது. எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது, ஏன் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். கெடு முடிந்தபின் "நீங்கள் சொன்னது, நாங்கள் செய்தது, செய்யாததற்குக் காரணம்" என்று ஒரு பக்கம் வெளியிட்டு, கருத்துச் சொன்ன ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் அதிகம் விட்டுப்போகிறது. அறிக்கை எழுத ஒருவருக்கு நேரம் ஒதுக்காமலேயே கருத்துக் கேட்பைத் தொடங்குவதுதான் காரணம்.

விவாதம் சண்டையாக மாறாமல் இருக்க அமைப்பு உதவும். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்காவிக்கில் 2010ல் தொடங்கிய பெட்டர் ரெய்காவிக் தளத்தில் ஒரு யோசனைக்குக் கீழே ஆதரவு வாதங்கள் ஒரு பக்கம், எதிர் வாதங்கள் மறுபக்கம். ஒருவர் வாதத்துக்கு நேரடியாகப் பதிலடி கொடுக்க இடமில்லை. மறுக்க வேண்டுமானால் எதிர்ப்பக்கத்தில் சொந்த வாதத்தை எழுத வேண்டும். தைவானில் 2015ல் ஊபர் டாக்சி சேவை பற்றிய விவாதத்துக்குப் பயன்பட்ட போலிஸ் (Polis) என்ற இணையக் கருவியிலும் பதில் எழுதும் பொத்தான் கிடையாது. ஒவ்வொரு கூற்றுக்கும் ஏற்கிறேன், ஏற்கவில்லை, கடந்துபோகிறேன் என்ற மூன்றுதான். எதிரெதிர் அணிகளும் சேர்ந்து ஒப்புக்கொண்ட கூற்றுகள் எவை என்பதை அது பிரித்துக் காட்டும். முகநூல் பக்கத்தின் கீழ் வரும் கருத்துகளை "மக்கள் கருத்து" என்று தொகுப்பதைவிட இவை எவ்வளவோ மேல்.

முடிவெடுப்பதில் பங்கு என்றால் பெரும்பாலும் பங்கேற்பு பட்ஜெட்தான், அதாவது பட்ஜெட்டின் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களே தீர்மானிப்பது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் 1989ல் நேரடிக் கூட்டங்களாகத் தொடங்கியது, பிறகு இணையத்துக்கும் வந்தது. பாரிஸ் 2014ல் தொடங்கியபோது தன் முதலீட்டு பட்ஜெட்டில் சுமார் 5 சதவீதத்தை இதற்கு ஒதுக்கியது. வாக்கு இணையத்திலும் உண்டு, காகிதப் பெட்டியிலும் உண்டு. இதில் கவனிக்க வேண்டிய வேலை, வாக்குக்கு முன் பொறியாளர்கள் ஒவ்வொரு யோசனைக்கும் செலவும் சாத்தியமும் பார்ப்பது. இதைத் தாவினால், வென்ற திட்டத்துக்கு நிலமே உள்ளாட்சியிடம் இல்லை என்று வாக்குக்குப் பிறகு தெரியவரும். மக்களே முன்மொழிவு வைக்கும் மாட்ரிட் (ஸ்பெயின்) நகராட்சித் தளத்தில், 16 வயது தாண்டியவர்களில் 1 சதவீதம் பேர் ஆதரித்தால் ஒரு முன்மொழிவு வாக்கெடுப்புக்குப் போகும் என்று விதி வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் முன்மொழிவுகள் வந்தும், 2017 பிப்ரவரி வாக்கெடுப்புக்கு அந்த அளவைத் தொட்டவை இரண்டே. அதில் ஒன்று எல்லாப் பொதுப் போக்குவரத்துக்கும் ஒரே டிக்கெட். கட்டணத்தை முடிவு செய்வதோ நகராட்சி தனியாக அல்ல, மண்டலப் போக்குவரத்துக் கூட்டமைப்பு. வரம்பை உயரமாக வைத்தால் எதுவும் தேறாது, அதிகார எல்லையைச் சொல்லாமல் விட்டால் தேறியதும் நிறைவேறாது.

இணையத்தில் கள்ள வாக்கைத் தடுக்க "ஒரு ஐபி முகவரிக்கு (இணைய இணைப்பின் எண்ணுக்கு) ஒரு வாக்கு" என்று வைப்பவர்கள் உண்டு. மொபைல் நெட்வொர்க்கில் ஒரே முகவரியை ஏராளமானோர் பகிர்வதால், உண்மையான வாக்காளர்கள்தான் வெளியே தள்ளப்படுவார்கள். குடியிருப்போர் பதிவேட்டோடு ஒப்பிடுவதும், போனுக்குக் குறியீடு அனுப்புவதும் சேர்ந்தால் பரவாயில்லை. ஒரு போனை வீடே பகிரும் இடங்களில் ஓர் எண்ணுக்கு எத்தனை வாக்கு என்பதை முன்கூட்டியே முடிவு செய்து அறிவிக்க வேண்டும். இத்தனை கெடுபிடி பணம் ஒதுக்கும் வாக்குக்கு மட்டும் போதும். பள்ளம் பற்றிச் சொல்ல அடையாளச் சான்று கேட்பது தேவையற்றது.

தகவல் பகுதி எளிது, ஆனாலும் தவறுகிறது. தீர்மானங்களை ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக ஏற்றினால் தேட முடியாது, பார்வையற்றோரின் திரைவாசிப்பானும் படிக்காது; எழுத்தாகவே ஏற்றுங்கள். மன்றக் கூட்டத்தை நேரலை விட்டால், எந்த நிமிடத்தில் எந்தப் பொருள் பேசப்பட்டது என்ற பட்டியலையும் காணொளியின் கீழ் போடுங்கள். நான்கு மணி நேரக் காணொளியில் தன் தெரு பற்றிய ஆறு நிமிடத்தை யாரும் தேடி எடுக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் அளப்பதற்கு ஆப் இறக்கங்களும் பின்தொடர்வோர் எண்ணிக்கையும் உதவாது. முதல் பதில் கெடுவுக்குள் போனது எத்தனை சதவீதம், மீண்டும் திறக்கப்பட்டவை எத்தனை, ஒருமுறை எழுதியவர்களில் அடுத்த ஆண்டும் எழுதியவர்கள் எத்தனை பேர், எந்த வார்டிலிருந்து எதுவுமே வரவில்லை என்ற நான்கையும் மாதம் ஒருமுறை மன்றத்தில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் உள்ளாட்சி ஏற்கெனவே ஒரு தளம் நடத்துகிறது என்றால், அடுத்த கூட்டத்தில் கேட்கவும் இந்த நான்கு எண்களே போதும்.