பேப்பரில் மடித்துத் தரும் மாத்திரை

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது, மூட்டுவலி. மெடிக்கலில் மூன்று நான்கு மாத்திரைகளைப் பேப்பரில் மடித்து ‘செட்’ என்று தருகிறார்கள். போட்ட அன்றே வலி போய்விடுகிறது. மாதக்கணக்கில் இப்படியே ஓடுகிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார். இப்போது முகமும் காலும் வீங்கியிருக்கின்றன. கடையில் கேட்டால் “எல்லாருக்கும் இதைத்தான் தர்றோம்” என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, பாலக்கோடு

பதில்: முதலில் அம்மாவை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். மீதி இருக்கும் செட்டையும் பிரஷர் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். பிரஷர், சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. இப்படித் தரும் செட்டுகளில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை இருக்கும், சிலவற்றில் ஸ்டீராய்டும் இருக்கும். வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை போன்றவற்றோடு சேரும்போது சிறுநீரகத்துக்கு இன்னும் ஆபத்து. ஸ்டீராய்டு என்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென நிறுத்தினாலும் பிரஷர் இறங்கி மயக்கம் வரலாம். நீங்களாக முடிவெடுக்காமல் டாக்டரிடம் போகச் சொல்வது அதனால்தான்.

இன்னொன்று. நம் பக்கத்துக் கிணற்று நீரிலும் போர் தண்ணீரிலும் ஃப்ளூரைடு அதிகம் என்பது தெரிந்ததே. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. மூட்டுவலிக்கு அதுவும் காரணமா என்று கேளுங்கள். வருடக்கணக்கில் எந்தத் தண்ணீர் குடித்தார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைக்காரர் சொன்ன பதில் எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. எல்லாருக்கும் தருகிறார் என்றால் எத்தனை வீட்டில் முகம் வீங்கியிருக்கிறதோ! டைக்ளோஃபெனாக் மாத்திரையோ ஸ்டீராய்டோ டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. அட்டையில் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் இருக்கும். அதைப் பிரித்துப் பேப்பரில் மடித்தால், பக்கவிளைவு வந்த நாளில் எதனால் வந்தது என்று டாக்டருக்கே தெரியாது. இனி அட்டையோடு கொடுங்கள், பில் போடுங்கள் என்று கேளுங்கள். தர மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

கடை மீதான புகாரை மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம். பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நீங்களே சொல்லலாம். நஷ்டஈடு கேட்பதென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். மருந்துக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில் இல்லையென்றால் நிரூபிப்பது கஷ்டம். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை அழிக்காமல் வையுங்கள், கடைப் பெயரும் தேதியும் அதில் இருக்கும்.

கேள்வி: சளி மாத்திரை போட்டால் கம்பெனியில் மெஷின் முன்னாலேயே தூக்கம் வருகிறது. கூடவே காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும் போடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: குளோர்ஃபெனிரமின் சேர்ந்த மாத்திரை என்றால் தூக்கம் வரத்தான் செய்யும், செட்டிரிசின்கூடச் சிலரைத் தூங்க வைக்கும். அதைப் போட்டுக்கொண்டு மெஷினில் நிற்காதீர்கள், பைக் ஓட்டாதீர்கள், அன்று மது வேண்டவே வேண்டாம். பல சளி மாத்திரைகளில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது. அட்டையின் பின்புறம் பார்த்துவிட்டு மொத்தத்தைக் கூட்டுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தால் அவ்வளவுகூடக் கூடாது, டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.