2022 பெற்றோல் தட்டுப்பாட்டுக்கு இலங்கை மக்களும் பொறுப்பா?

“அரசு மட்டுமா காரணம், பதுக்கிய சனமும்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே தராசில் போட்டால் கணக்குப் பிழைக்கும். தட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது டொலர் இல்லாமை. அதைக் கிலோமீற்றர் கணக்கில் கியூவாக நீட்டியதில்தான் சனத்துக்குப் பங்கு.

கப்பல் வந்து நின்றாலும் காசு போகாமல் ஒரு லீட்டரும் இறங்காது. 2022 மார்ச் 28 முதல் ஒரு பெற்றோல் கப்பல் இலங்கைக் கடலில் நங்கூரமிட்டு நின்றது. ஜனவரியில் எடுத்த சரக்குக்கே அந்தக் கப்பலை அனுப்பிய நிறுவனத்துக்கு 53 மில்லியன் டொலர் பாக்கி என்று மே மாதம் எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆனால் அந்த ஜனவரி 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் சர்வதேசப் பிணைமுறி (அரசு வெளிநாட்டில் வாங்கிய கடன் பத்திரம்) தவணை தப்பாமல் அடைக்கப்பட்டது. இருக்கிற டொலரை யாருக்கு முதலில் கொடுப்பது என்று மேலே இருந்தவர்கள் எடுத்த முடிவு அது. வீட்டு மூலையில் கானில் வைத்த ஐந்து லீட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டொலர் வற்றிய கதை 2019 டிசம்பரில் தொடங்குகிறது. வற் வரி 15 வீதத்திலிருந்து 8 ஆனது. அரச வருமானம் விழுந்தது, 2020இல் கடன் தரப்படுத்தல் இறங்கியது, வெளிச்சந்தையில் கடன் கிடைக்காமல் போனது. போதாக்குறைக்கு டொலரை 200 ரூபாயை ஒட்டி 2022 மார்ச் வரை பிடித்து வைத்தார்கள். வெளிநாட்டில் உழைத்தவர்கள் வங்கியை விட்டு உண்டியலில் (வங்கிக்கு வெளியே கைமாற்றாகப் பணம் அனுப்பும் வழி) அனுப்பினார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. உண்டியல்காரர் கூடக் கொடுத்தார்.

செட்டில், அதாவது எரிபொருள் நிரப்பு நிலையத்தில், நடந்தது வேறு கணக்கு. வழக்கமாக முள் அடியைத் தொட்டால்தான் போகிறவர், தட்டுப்பாடு என்றதும் பாதி இருக்கும்போதே போகிறார். நாடு முழுக்க ஒவ்வொரு தாங்கியிலும் பாதி கூடுதலாக நிரம்ப, செட் காய்கிறது. இலக்கத்தகட்டின் கடைசி எண்ணை வைத்து நாள் பிரித்தும் சரிவரவில்லை. ஒரே வாகனம் ஒரே நாளில் மூன்று செட்டுக்குப் போனால் கண்டுபிடிக்க வழியில்லை. ஜூலையில் வந்த கியூஆர் அட்டை அந்த ஓட்டையை அடைத்தது: வாகன இலக்கம், அடிச்சட்ட இலக்கம், வாகனத்துக்கு ஒரு குறியீடு. வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீட்டர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஒரு செட்டில் 6,600 லீட்டர் இறக்கினால், இந்தப் பங்கீட்டில் 1,650 மோட்டார் சைக்கிளுக்குப் போதும். பங்கீடு இல்லாமல் காருக்கு 40 லீட்டர் வீதம் அடித்தால் 165 காரோடு சரி. ஆகஸ்டில் கியூ சுருங்கியதற்கு டொலர் மழை காரணமில்லை, இந்தப் பங்கீடுதான் பெரும்பாலும்.

அரசியல் பங்கு வேறு. 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷவுக்கு 69 இலட்சம் பேர் வாக்களித்தார்கள். வரிக்குறைப்பு ஆபத்து என்று அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார், எடுபடவில்லை. 2020 ஒக்டோபரில் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் 156 வாக்குகளோடு நிறைவேறி அதிகாரம் பெரும்பாலும் ஜனாதிபதி என்ற ஒரே கதிரைக்குப் போனது. வாக்குப் போட்டது குற்றமல்ல, ஆனால் போட்ட பிறகு கணக்குக் கேட்காமல் விட்டது பிழை என்பது என் கருத்து.

கணக்குக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஜூலியன் போலிங் உள்ளிட்டோர் போட்ட வழக்குகளில், 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், கோட்டாபய, அவருடைய சகோதரர்கள் மஹிந்த, பசில், மத்திய வங்கி ஆளுநராக இருந்த கப்ரால் முதலானோர் பொது நம்பிக்கையை மீறினார்கள் எனத் தீர்ப்பளித்தது. நட்டஈடு இல்லை, வழக்குச் செலவு மட்டும்.

நீங்களும் அப்படிக் கணக்குக் கேட்க நினைத்தால், உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு மீறல் நடந்து ஒரு மாதம்தான் அவகாசம். ஆகவே தாள்களை முன்கூட்டியே சேர்க்கவேண்டும். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழு. “ஏன் தட்டுப்பாடு?” என்று எழுதாதீர்கள், மழுப்பலான பதில்தான் வரும். குறித்த மாதத்தில் வந்த கப்பல்கள், இறக்கிய அளவு, தாமதக் கட்டணம் என்று கோப்பில் இருப்பதைக் கேளுங்கள். கேள்விமனு (டெண்டர்) முடியாத சரக்கை விட்டுவிடுங்கள், வர்த்தக இரகசியம் என்று தட்டிக்கழிக்க இடமுண்டு.