‘ஃபாதர்’ என்று கூப்பிட மாட்டேன் என்கிறான் தம்பி: கல்யாணப் பத்திரிகையில் என்ன போடுவது?

கேள்வி: நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம், பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். என் தம்பி சில வருடங்களாக வியாசர்பாடியில் ஒரு சகோதரர் சபைக்குப் போகிறான். இப்போது என் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், எங்கள் கோயிலில். மாப்பிள்ளை வீடு திருவொற்றியூர், பெந்தெகொஸ்தே சபை. கோயிலில் முடிந்ததும் மண்டபத்தில் அவர்களுடைய பாஸ்டர் ஜெபம் செய்வார். பத்திரிகை மாதிரியைப் பார்த்த தம்பி, “அருட்தந்தை என்று போட்ட கார்டில் தாய்மாமன் என்று என் பெயரைப் போடாதே, மத்தேயு 23:9-ஐ எடுத்துப் படி” என்கிறான். ஃபாதர் வீட்டுக்கு வந்தாலும் அப்படிக் கூப்பிட மாட்டானாம். அம்மா அழுகிறார். மாப்பிள்ளை வீட்டிலோ பாஸ்டர் பெயருக்கு முன்னால் ‘அப்போஸ்தலர் டாக்டர்’ என்று போடச் சொல்கிறார்கள். தம்பி சொல்வது சரியா? கார்டில் என்ன போடுவது?

பதில்: கார்டை முதலில் முடித்துவிடுவோம். ஆண்டர்சன் தெருவில் அச்சுக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் மாற்றுவது தண்டச்செலவு. ‘அருட்தந்தை’யை எடுத்துவிட்டு ‘அருட்பணி.’ என்று போடுங்கள். கத்தோலிக்க அழைப்பிதழ்களில் இது புதிதல்ல, குருக்களே தங்கள் பெயருக்கு முன்னால் இப்படி எழுதுவதுண்டு. அதனால் உங்கள் பங்குச் சாமியார் முகம் சுளிக்கப் போவதில்லை. ‘பணி’ என்ற சொல்லோடு தம்பிக்கும் சண்டை இருக்காது. பெயருக்குக் கீழே ‘பங்குத்தந்தை’ என்று வருமே, அந்த இடத்தில் கோயிலின் பெயரையும் ஊரையும் மட்டும் போட்டால் போதும். மாப்பிள்ளை வீட்டு ஊழியருக்கு ‘பாஸ்டர்’ என்று போடுங்கள். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இனி தம்பியின் வசனம். அவர் எதையும் திரிக்கவில்லை. “பூமியிலே ஒருவனையும் உங்கள் பிதா என்று சொல்லாதிருங்கள்” என்று அங்கே அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அது தனி வசனம் அல்ல. அதற்கு முந்தைய 8-ஆம் வசனம், ரபீ என்று அழைக்கப்படாதிருங்கள், கிறிஸ்து ஒருவரே உங்களுக்குப் போதகர் என்கிறது. அடுத்த 10-ஆம் வசனம், குருக்கள் என்றும் அழைக்கப்படாதிருங்கள், கிறிஸ்து ஒருவரே உங்களுக்குக் குரு என்கிறது. மூன்று பட்டங்களும் ஒரே மூச்சில் தள்ளப்படுகின்றன. ‘ஃபாதர்’ கூடாது என்றால் ‘போதகர்’ என்பதும் அதே கணக்கில்தான் வரும். தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை உபவாச ஜெபத்துக்கு ஒட்டியிருக்கும் போஸ்டர்களைப் பாருங்கள், ஒருவர் பெயராவது மொட்டையாக இருக்கிறதா? கத்தோலிக்கரை மட்டும் கூண்டில் ஏற்றுவதற்கு இந்த வசனம் உதவாது. ஒன்று சொல்லியாக வேண்டும்: தம்பி போகிற சகோதரர் சபைகளில் பொதுவாக ‘பாஸ்டர்’ பட்டமும் கிடையாது, எல்லாரும் ‘பிரதர்’தான். அந்த வகையில் அவர் முரண்பாடு இல்லாமல் பேசுகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 8-உம் 10-உம் ‘அழைக்கப்படாதிருங்கள்’ என்கின்றன. பட்டத்தை வாங்கிக்கொள்கிறவருக்கு இடப்பட்ட கட்டளை அது. 9 மட்டும்தான் கூப்பிடுகிறவரைப் பார்த்துப் பேசுகிறது. நம் ஊர்ச் சண்டைகளில் கூப்பிடுகிற பாவப்பட்ட விசுவாசிதான் மாட்டிக்கொள்கிறார், கூப்பிட வைக்கிறவர் தப்பித்துவிடுகிறார். இயேசு யாரை மனதில் வைத்துச் சொன்னார் என்பது 5 முதல் 7 வரையுள்ள வசனங்களில் தெளிவாக இருக்கிறது. வேத வசனம் வைத்துக் கட்டிக்கொள்ளும் காப்புநாடாக்களை அகலமாக்கிக்கொள்கிறவர்கள், அங்கியின் தொங்கலைப் பெரிதாக்குகிறவர்கள், விருந்தில் முதல் இடமும் ஜெப ஆலயத்தில் முதல் ஆசனமும் தேடுகிறவர்கள், சந்தைவெளியில் நாலு பேர் பார்க்க வணக்கம் வைக்கப்பட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள். மேடையில் நாற்காலி பின்வரிசையில் போட்டுவிட்டார்கள், மைக்கில் அடைமொழியை விட்டுவிட்டார்கள் என்று பிரியாணிகூடச் சாப்பிடாமல் கிளம்பிப் போன ஊழியர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எழுத்துக்கு எழுத்து என்று எடுத்தால் 9-ஆம் வசனத்தை யாராலும் கடைப்பிடிக்க முடியாது. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கட்டளையை அதே மத்தேயுவில் இயேசு இரண்டு இடத்தில் எடுத்துச் சொல்கிறார். ஸ்தேவான் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று, “சகோதரரே, பிதாக்களே” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார். பவுலும் எருசலேமில் தன்னை அடிக்க வந்த கூட்டத்திடம் அப்படியே சொல்கிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது, உபாத்தியாயர்கள் பதினாயிரம் பேர் இருக்கலாம், தகப்பன்மார் அநேகர் இல்லை, சுவிசேஷத்தினால் உங்களைப் பெற்றவன் நான் என்று உரிமையோடு சொல்லிக்கொள்கிறார் (1 கொரிந்தியர் 4:15). கத்தோலிக்கர்கள் குருவை ‘தந்தை’ என்பதற்குச் சொல்லும் முதல் ஆதாரம் இதுதான். அப்புறம் நம் வடசென்னையில் ‘நைனா’ இருக்கிறதே! அதுவும் அப்பாதான். காசிமேட்டு மீன் ஏலத்தில் கொஞ்ச நேரம் நின்றால் ஒருவரையொருவர் எத்தனை முறை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணி மாளாது. உங்கள் தம்பி அங்கே வளர்ந்தவர், அவர் வாயில் அது வராமலா இருக்கும்?

ஆனால் இதைச் சொல்லி அவர் வாயை அடைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். விவரம் தெரிந்தவராக இருந்தால் அவரிடம் நல்ல பதில் இருக்கிறது. பவுல் தன்னைத் தகப்பன் என்று சொன்னது உறவைக் காட்டுவதற்கு, பெயருக்கு முன்னால் ஒட்டுகிற பட்டமாக அல்ல. பேதுரு அவரைக் குறிப்பிடும்போது ‘நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்’ என்கிறார். சவுல் என்ற பெயரோடு தமஸ்குவில் கண் தெரியாமல் இருந்த அதே பவுல் மேல் அனனியா கைவைத்துச் சொன்னதும் ‘சகோதரனாகிய சவுலே’ என்றுதான். புதிய ஏற்பாட்டில் எந்தச் சபையும் எவரையும் ‘தந்தை இன்னார்’ என்று பெயரோடு சேர்த்து அழைக்கவில்லை. இந்த இடத்தில் தம்பி பக்கம் வலுவானது, கத்தோலிக்கர்கள் அதை ஒத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இதே கேள்வியைப் பழைய காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள். கட்டளை இப்படி இருக்க மடங்களில் ஒருவரையொருவர் தந்தை என்கிறார்களே என்ற கேள்வியைப் புனித ஜெரோம், 398 வாக்கில் மத்தேயுவுக்கு எழுதிய விளக்கத்தில் எடுத்துப் பேசுகிறார். இயல்பிலேயே தந்தையாக இருப்பது கடவுள் ஒருவர்தான், மற்றவர்களுக்கு அந்தப் பெயர் சலுகையாகக் கிடைக்கிறது என்பது அவர் தரும் விடை. இன்றைக்கும் கத்தோலிக்கப் பதில் பெரும்பாலும் அதுதான். பட்டங்கள் பெருகிவிட்டன என்ற உறுத்தல் ரோமாபுரியிலும் இருந்திருக்கிறது. 2014-இல் போப் பிரான்சிஸ், மறைமாவட்டக் குருக்களில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே இனி ‘மோன்சிஞ்ஞோர்’ என்ற கௌரவப் பட்டம் என்று குறைத்தார்.

தம்பியின் பக்கத்துக்கும் ஒரு பரம்பரை உண்டு. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பிரபுக்களைக்கூடப் பட்டம் சொல்லிக் கூப்பிட மறுத்தார்கள், யாருக்கும் தொப்பியைக் கழற்ற மாட்டோம் என்றார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் பென் 1670-இல் லண்டன் நீதிமன்றத்தில் தொப்பியோடு நின்றதற்கு அபராதம் போட்டார்கள். சகோதரர் சபைகள் 1820-களின் பிற்பகுதியில் டப்ளினில் தொடங்கியவை. அந்த வட்டத்தைச் சேர்ந்த ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ் என்ற பல் மருத்துவர் இந்தியாவுக்கு வந்தார், அவரோடு பழகிய நம் அருளப்பன் எந்த மிஷனிடமும் சம்பளம் வாங்காமல் திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்தார். சென்னையில் 1941-இல் சபையைத் தொடங்கிய பக்த் சிங்கை ஆயிரக்கணக்கானோர் கடைசிவரை ‘பிரதர்’ என்றுதான் சொன்னார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். தன் பிள்ளை கோயிலைக் கேவலப்படுத்துகிறான் என்று அவர் நினைப்பதால்தான் அழுகை, பணத்தையும் பட்டத்தையும் உதறியவர்களின் வழியில் அவன் போகிறான் என்று தெரிந்தால் கொஞ்சமாவது ஆறுதல் வரும்.

வசனத்தை அப்படியே கைக்கொள்வது என்ற பெரிய கேள்விக்கு வருகிறேன். அப்படிச் சொல்கிற எல்லாரும் சிலவற்றைப் பிடித்துக்கொண்டு சிலவற்றை விடுகிறார்கள். பெந்தெகொஸ்தே வீடுகளில் 1 பேதுரு 3:3-ஐக் காட்டி நகையைக் கழற்றுவார்கள். ஆனால் ‘பரிசுத்த முத்தம்’ கொடுத்து வாழ்த்துங்கள் என்று பவுல் ஒன்றுக்கு மேற்பட்ட நிருபங்களில் எழுதியதைக் கைகுலுக்கலோடு முடித்துக்கொள்கிறார்கள். பெரிய வியாழன் அன்று கத்தோலிக்கர்கள் கால் கழுவுகிறார்கள், பக்கத்துத் தெருவில் பல புராட்டஸ்டண்ட் சபைகள் அதைத் தாழ்மைக்கு அடையாளம் என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. சத்தியம் பண்ணவே வேண்டாம் என்று மத்தேயு 5:34 சொல்கிறது. இதைக் குவேக்கர்கள் அப்படியே எடுத்துச் சிறைக்குப் போனார்கள், கடைசியில் சட்டம் இறங்கி வந்தது. இந்தியாவிலும் 1969-ஆம் ஆண்டு சத்தியப்பிரமாணச் சட்டப்படி சாட்சிக் கூண்டில் சத்தியம் செய்யாமல் உறுதிமொழி மட்டும் சொல்லலாம். நானாக இருந்தால் தம்பியிடம், ‘ஏன் வசனத்தை அப்படியே எடுக்கிறாய்’ என்று கேட்க மாட்டேன். ‘இந்த வசனத்தால் உன் பெருமை குறைந்ததா, எங்கள் ஃபாதரின் பெருமை மட்டும் குறைய வேண்டுமா’ என்று கேட்பேன். சுருக்கென்று இருக்கும், ஆனால் 23-ஆம் அதிகாரம் முழுக்கவே அப்படித்தான்.

அவர் குருவை எப்படிக் கூப்பிடுவது? ‘ஐயா’ போதும். “வாங்க ஐயா, உட்காருங்க” என்று தாய்மாமன் எழுந்து நின்று சொன்னால் அதில் மரியாதைக்கு என்ன குறை? அம்மா வழக்கம்போல ‘சாமி’ என்றே கூப்பிடட்டும், தம்பி அங்கே திருத்தப் போகக் கூடாது, அது மட்டும் நிபந்தனை. குருவிடம் நீங்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இந்தப் பகுதியில் ஒரே வீட்டில் மூன்று சபைக்காரர்கள் இருப்பது சகஜம், அவருக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

மாப்பிள்ளை வீட்டாரின் ‘அப்போஸ்தலர் டாக்டர்’ விஷயம். இந்தியாவில் பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை 1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு வரையறுக்கிறது. 1827-இல் டென்மார்க் அரசரின் சாசனத்தாலேயே பட்டம் கொடுக்கும் உரிமை பெற்ற செராம்பூர் கல்லூரி போன்ற இறையியல் கல்வி நிறுவனங்களும் நம்மிடம் இருக்கின்றன. அப்படிப் படித்து வாங்கியவராக இருந்தால் ‘டாக்டர்’ போடுவதை மறுக்க முடியாது. ஊர் பேர் தெரியாத அமைப்பு சால்வை போர்த்திக் கொடுத்ததாக இருந்தால் உங்கள் கார்டு அதற்கு விளம்பரப் பலகை ஆக வேண்டாம். ‘இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எளிமையாகப் போடுகிறோம், எங்கள் ஃபாதருக்கும் குறைத்துத்தான் போட்டிருக்கிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். சம்பந்தி வீட்டில் இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ‘அருட்தந்தை’யை எடுத்ததற்கு இது ஒரு கூடுதல் பலன்.

சட்டத்தைப் பொறுத்தவரை கார்டில் இருக்கும் எந்த அடைமொழிக்கும் மதிப்பில்லை. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பார்ப்பது, நடத்திவைப்பவர் ஆயரால் திருநிலைப்படுத்தப்பட்டவரா, அல்லது அந்தச் சட்டப்படி உரிமம் பெற்றவரா என்பதைத்தான். மண்டபத்தில் பாஸ்டர் ஜெபம் மட்டும் செய்வதால் அவருக்கு உரிமம் தேவையில்லை. மாப்பிள்ளை கத்தோலிக்கர் அல்லாததால் மறைமாவட்ட அனுமதி வேண்டும், அதை வாங்கியாகிவிட்டதா என்று கோயில் அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவும் செய்ய வேண்டும்.

தாய்மாமன் பெயர் கார்டில் இருக்க வேண்டும், அதோடு கோயிலிலும் அவருக்கு ஒரு இடம் இருக்கிறது. கத்தோலிக்கத் திருமணத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், சாட்சி கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்லவில்லை. தம்பியைச் சாட்சியாக நிற்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் யாரையும் எப்படியும் கூப்பிட வேண்டியதில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும்.