கேள்வி குடியேற்றம், பதில் கூட்டம்

கேள்வி: அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதங்களில் கேள்வி கேட்பவர்கள் நெறியாளர்கள்தாம். ஆனால், எதைப் பேசுவது என்பதை வேட்பாளர்களே முடிவு செய்வதுபோலத் தெரிகிறதே, எப்படி?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பெருமளவு அவர்கள்தாம் முடிவு செய்கிறார்கள். அந்த வேலை மேடை ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடும். 1960இல் கென்னடியும் நிக்சனும் மோதிய நான்கு விவாதங்களில் முதலாவது உள்நாட்டு விவகாரங்களுக்கு, கடைசியானது வெளியுறவுக்கு என்று முன்னரே பேசி ஒதுக்கியிருந்தார்கள். வெளியுறவே தம் பலம் என்று நம்பிய நிக்சன் தரப்பு, போகப்போகப் பார்வையாளர்கள் பெருகுவார்கள் என்று கணக்குப் போட்டது. கணக்கு தப்பியது, முதல் விவாதத்தைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். அதிலும் கென்னடி, பாதி அடிமையாகவும் பாதி சுதந்திரமாகவும் ஒரு நாடு நிலைக்குமா என்ற லிங்கனின் கேள்வியை உலகம் முழுவதற்குமாக விரித்து, உள்நாட்டு விவகாரமும் சோவியத் தலைவர் குருஷேவுடனான போராட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடையதே என்று தொடக்க உரையிலேயே சொல்லி, நிக்சனின் வயலில் முதல் ஆளாக ஏரை இறக்கிவிட்டார்.

மருத்துவக் காப்பீடு என்றால் ஜனநாயகக் கட்சி, எல்லைப் பாதுகாப்பு என்றால் குடியரசுக் கட்சி என்று வாக்காளர் மனத்தில் நெடுங்காலமாக ஒரு பாகப்பிரிவினை இருக்கிறது. வேட்பாளர் எந்தக் கேள்விக்கும் இரண்டு வாக்கியம் பதில் சொல்லிவிட்டுத் தம் பங்குக்குத் தாவப் பார்ப்பதன் காரணம் அதுதான். அதைவிட நுட்பமானது, எதிராளியை அவருடைய பங்கிலேயே நிற்கவிடாமல் செய்வது. 2024 செப்டம்பர் 10 அன்று பிலடெல்ஃபியாவில், தமக்குச் சங்கடமான குடியேற்றக் கேள்வி வந்தபோது, ட்ரம்ப் தடுத்த எல்லை மசோதாவைப் பற்றிப் பேசிய கமலா ஹாரிஸ், இடையில் ட்ரம்பின் பொதுக்கூட்டங்களுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், சலிப்பில் மக்கள் பாதியிலேயே எழுந்து போவதைக் காண்பீர்கள் என்று நேயர்களை அழைத்தார். மசோதாவை ஏன் தடுத்தீர்கள் என்று நெறியாளர் அடுத்துக் கேட்டபோது, ட்ரம்ப் முதலில் கூட்டங்களைப் பற்றிச் சொல்கிறேன் என்று தொடங்கி, ஓஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் குடியேறிகள் நாய்களைத் தின்கிறார்கள் என்ற ஆதாரமற்ற கதைவரை போனார். தமக்கு மிகவும் சாதகமான பிரச்சினையை ஒரு சீண்டலுக்காகத் தாமே கைவிட்டார் என்பேன். (நவம்பரில் வென்றவர் அவர்தான் என்பது வேறு விஷயம்.)

கேள்வி: இருவருமே பேச விரும்பாத பிரச்சினை என்ன ஆகும்?
– வாசகர், ஈரோடு

பதில்: காணாமல் போகும். 2012இல் ஒபாமாவும் குடியரசுக் கட்சியின் ராம்னியும் மோதிய மூன்று விவாதங்களிலும் பருவநிலை மாற்றம் என்ற பேச்சே எழவில்லை. அப்போது வெற்றியைத் தீர்மானிக்கும் மாநிலமாக இருந்த ஓஹையோவில் நிலக்கரித் தொழிலாளர் வாக்கை இழக்க இருவருக்கும் மனமில்லை. இரண்டாவது விவாதத்தில், மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தபோது நிலக்கரி மின்நிலையத்தின் முன் நின்று அது ஆளைக் கொல்கிறது என்றவர்தானே நீங்கள் என்று ராம்னியை ஒபாமாவே குத்திக்காட்டினார். சுற்றுச்சூழல்வாதிகள் ஒபாமாவிடம் எதிர்பார்த்த பேச்சா இது! அந்த விவாதத்தை நடத்திய கேண்டி குரோலி, பருவநிலை பற்றிய கேள்வி தம் கைவசம் இருந்ததாகவும், பொருளாதாரமே முதன்மையாக இருந்ததால் அதை எடுக்கவில்லை என்றும் பின்னர் சொன்னார்.