வாசகர் கேள்வி: மினமாட்டா விரிகுடாவின் சேறும் பூனைகளும்

கேள்வி: ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் பாதரசம் கலந்த மீனை உண்டு பெருந்தொகையானோர் பாதிக்கப்பட்டதாகப் படித்தேன். கடல்நீரை ஒரு குப்பியில் எடுத்துச் சோதித்திருந்தால் காரணம் ஒரே வாரத்தில் தெரிந்திருக்காதா? விஞ்ஞானிகளுக்கு ஏன் மூன்றாண்டுகள் பிடித்தன? (கல்லூரி மாணவி, தூத்துக்குடி)

பதில்: அந்தக் குப்பி உங்களை ஏமாற்றியிருக்கும். கடல்நீரில் கரைந்து நிற்கும் பாதரசம் மிகச் சொற்பம். வந்ததில் பெரும்பகுதி அடிச்சேற்றில் படிந்துவிடும், எஞ்சியது உயிர்களின் உடலில் ஏறிக்கொள்ளும். மேலும், வேதியியல் சோதனை எதைத் தேடுகிறோமோ அதைத்தான் காட்டும். 1956இல் பாதரசத்தைத் தேட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அந்த ஆண்டு மே 1ஆம் தேதி, சிஸ்ஸோ ரசாயன ஆலையின் மருத்துவமனைத் தலைவர் ஹொசோகாவா ஹஜிமே, நடக்கவும் பேசவும் இயலாமற்போன குழந்தைகளைப் பற்றி அரசு சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தபோது, நரம்பு மண்டலத்தைத் தாக்கும் காரணம் தெரியாத நோய் என்றுதான் சொல்ல முடிந்தது. ஆய்வில் இறங்கிய குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு, கனஉலோகம் ஏதோ ஒன்று மீன் வழியாக உடலுக்குள் போகிறது என்று சில மாதங்களிலேயே ஊகித்துவிட்டது. எந்த உலோகம் என்பதில்தான் சிக்கல். மாங்கனீசு, செலீனியம், தாலியம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்துச் சோதித்ததிலேயே நாட்கள் போயின.

இதற்கிடையில் பூனைகள் உண்மையைக் காட்டிக்கொண்டிருந்தன. மீனவர் வீடுகளில், வலையிலிருந்து உதிரும் சிறுமீனையும் வீட்டார் உண்ட மிச்சத்தையும் தின்று வளர்ந்த பூனைகள், மனிதர்களுக்கு நோய் காணும் முன்பே தள்ளாடிச் சுழன்று விழுந்து செத்தன. ஊரார் அதைப் பூனைகளின் ஆட்டம் என்றார்கள். சுகாதார அலுவலகத் தலைவர் இட்டோ ஹசுவோ 1957இல் நலமாக இருந்த பூனைகளுக்கு விரிகுடாவின் மீனை ஊட்டிப் பார்த்தார். அவையும் அதே வகையில் நோயுற்றன. நஞ்சின் பெயர் தெரியாவிட்டாலும் அது எங்கே இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆயினும், விரிகுடாவின் மீன்கள் அனைத்தும் நஞ்சானவை என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, ஆகவே உணவுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் தடை விதிக்க இயலாது என்று அதே ஆண்டு மத்திய அமைச்சகம் பதில் அனுப்பியது. விருந்துண்டவர்கள் வாந்தியெடுத்தால் நாம் சமையலறையைப் பூட்டுகிறோமே தவிர, கிருமியின் பெயர் தெரியும்வரை அடுத்த பந்தியைப் பரிமாறிக்கொண்டிருப்பதில்லை.

பெயரைக் கண்டுபிடிக்க உதவியவை நோயாளிகளின் அறிகுறிகள். பார்வைப் புலம் குறுகுதல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகிய மூன்றும் ஒருசேரத் தோன்றுவதை, மெத்தில் பாதரசத்தைக் கையாண்ட ஆலைத் தொழிலாளர்களிடம் இங்கிலாந்து மருத்துவர்கள் 1940இலேயே பதிவு செய்திருந்தார்கள். 1958இல் மினமாட்டாவுக்கு வந்த பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் மெக்கால்பைன் இந்த ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். அதன்பின் 1959இல் சேற்றை அள்ளிச் சோதித்தபோது, ஆலைக் கழிவுநீர் வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் ஒரு டன் சேற்றுக்குச் சுமார் 2 கிலோ பாதரசம் இருந்தது. வாயிலிலிருந்து விலக விலக அளவு குறைந்துகொண்டே போயிற்று. நோயாளி ஒருவரின் தலைமுடியில் பத்து லட்சத்தில் 705 பங்கு பாதரசம் இருந்தது. வெளியூராரின் முடியில் சராசரி 4 பங்குதான். ஜூலை 1959இல் பல்கலைக்கழகம் கரிமப் பாதரசமே (மெத்தில் பாதரசம் இந்த வகையைச் சேர்ந்தது) காரணம் என்று அறிவித்தது.

ஆலை தன்னையறியாமல் ஒரு பரிசோதனையும் நடத்தியிருந்தது. 1958 செப்டம்பரில் கழிவுநீரை விரிகுடாவை விட்டு மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்குத் திருப்பினார்கள்; மறு ஆண்டே அந்தப் பக்கத்துக் கரையில் புதிய நோயாளிகள் தோன்றினார்கள். ஹொசோகாவா ஆலைக் கழிவுநீரையே உணவில் கலந்து 400ஆம் எண் பூனைக்குக் கொடுத்தார்; 1959 அக்டோபரில் அதற்கு நோய் கண்டது. நிர்வாகம் அதை வெளியிட விடவில்லை. அவர் 1970இல் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி சாட்சியம் அளித்தபோதுதான் நீதிமன்றத்துக்கு அது தெரிந்தது. அரசு ஆலைக் கழிவே காரணம் என்று ஏற்றது 1968 செப்டம்பரில். ஆகவே விஞ்ஞானம் எடுத்துக்கொண்டது மூன்றாண்டுகள். மற்ற ஒன்பதாண்டுகளுக்கு விஞ்ஞானிகளைக் குறை சொல்வது முறையாகாது.

கேள்வி: பாதரசம் கனமானது, அடியில்தானே கிடக்கும்? மீனுக்குள் எப்படி ஏறியது? (வாசகர், காரைக்கால்)

பதில்: அங்கே வந்து விழுந்தது வெறும் உலோகப் பாதரசம் அன்று. அசிட்டால்டிஹைடு என்னும் ரசாயனத்தின் தயாரிப்பில் வினையூக்கியாகப் பயன்பட்ட பாதரசத்தில் ஒரு சிறுபகுதி, ஆலைக்குள்ளேயே மெத்தில் பாதரசமாக மாறிக் கழிவுநீரோடு வெளியேறியது. அது புரதத்தோடு இறுகப் பிணைவதால் உடலிலிருந்து எளிதில் வெளியேறாது. மிதவையுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் படிப்படியாகச் செறிவு கூடும். மனித உடலில் அமினோ அமிலம் ஒன்றைப் போல வேடமிட்டு மூளைக்குள்ளும் நுழைந்துவிடும்.

கேள்வி: ஐம்பதுகளில் யாரும் அளக்காத நஞ்சைப் பின்னாளில் அளந்தார்கள் என்கிறார்களே, அது எப்படி முடிந்தது? (ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: நம் ஊர்களில் குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டும் வழக்கம் உண்டு. ஜப்பானியர் அதைச் சிறு மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். ஹராதா மசசுமி என்னும் மருத்துவரும் உடன் ஆய்வாளரும் மினமாட்டாப் பகுதியின் வீடுகளில் இருந்த இத்தகைய கொடிகளைப் பெற்று மெத்தில் பாதரசத்தை அளந்து 1975இல் வெளியிட்டார்கள். பிறந்த ஆண்டுவாரியாக அடுக்கியபோது, ஆலையின் அசிட்டால்டிஹைடு உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் கொடியின் பாதரசமும் ஏறி, உற்பத்தி தாழ்ந்தபோது தாழ்ந்திருந்தது. கருவுக்கு ஊட்டமளிக்கும் நஞ்சுக்கொடி எந்த நச்சையும் உள்ளே விடாது என்று அக்கால மருத்துவம் நம்பியிருந்தது. மீனை உண்ட தாய் ஓரளவு நலமாயிருக்க, குழந்தை கடும் ஊனத்தோடு பிறந்ததன் காரணத்தையும், அந்த நம்பிக்கை தவறு என்பதையும் இது உறுதிப்படுத்தியது. ஒரு விரிகுடாவின் இருபதாண்டு வரலாறு பெட்டிக்குள் சருகாய்க் கிடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

கேள்வி: இப்போது அந்த மீனை உண்ணலாமா? (அதே வாசகி)

பதில்: உண்ணலாம். 1974இல் விரிகுடா வாயில் வலை கட்டி மீன் வெளியேறுவதைத் தடுக்க முயன்றார்கள். 1977 முதல் 1990 வரை, பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் பாதரசமுள்ள சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேற்றில் ஏறத்தாழப் பாதியைத் தோண்டி, கரையோரம் தடுப்புச் சுவருக்குள், அங்கே ஏற்கெனவே கிடந்த மீதிச் சேற்றின்மேல் கொட்டி மூடி 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். மீன்களின் பாதரசம் அரசு வரம்பான 0.4 பங்குக்குக் கீழே வந்த பிறகு, 1997இல் குமமோட்டோ மாகாண ஆளுநர் பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட, வலையும் அகற்றப்பட்டது. அந்த நிலத்தில் இன்று பூங்காவும் விளையாட்டுத் திடலும் இருக்கின்றன. சேறு அடியிலேயே இருக்கிறது, அதைத் தாங்கி நிற்பவை கடலுக்குள் ஊன்றிய எஃகுத் தகடுகள்.