எந்தப் பயத்துக்கு எந்தப் பூ?

சென்ற இதழில் பாட்ச் மலர் மருந்துகளைப் பற்றி, அதாவது மனநிலையைப் பார்த்துக் கொடுக்கிற, பூவிலிருந்து செய்த சொட்டு மருந்துகளைப் பற்றி, நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்கே இந்த முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கிவிட்டேன். நான் டாக்டர் இல்லை. மார்த்தாண்டத்தில் ஒரு ஹோமியோ மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். வருகிறவர்கள் பேசப் பேசத் தெரிந்துகொண்டதையும், நம்பி வாங்குகிறவர்களிடம் மறைக்கக்கூடாது என்று நினைப்பதையும் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். எப்போதும் மனசுக்குள் ஒரு பயம். பயத்துக்கு நல்லது என்று தங்கச்சி மிமுலஸ் என்ற மலர் மருந்து ஒரு பாட்டில் வாங்கித் தந்தாள். ஒரு மாதமாகக் குடிக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. மருந்து சரியில்லையா, நான் குடிக்கிற முறை சரியில்லையா?
— கருங்கல் வாசகி

பதில்: இரண்டையும் குறை சொல்ல வேண்டாம் மக்களே. 'பயத்துக்கு மருந்து' என்று பொதுவாக ஒன்று இந்த முறையில் கிடையாது. எட்வர்ட் பாட்ச் என்ற இங்கிலாந்து டாக்டர் சேர்த்து வைத்துவிட்டுப் போனது மொத்தம் 38 மருந்து. அதில் பயத்துக்கு என்று மட்டும் 5 இருக்கிறது. நோயின் பெயரைக் கேட்டு அவர் மருந்து பிரிக்கவில்லை, மனநிலையைக் கேட்டுப் பிரித்தார். அதனால் பயம் என்று சொன்னால் போதாது, என்ன பயம் என்று சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கச்சி வாங்கித் தந்த மிமுலஸ், இன்னதற்குப் பயம் என்று விரல் நீட்டிக் காட்டக்கூடிய பயத்துக்கு. நாய், ஊசி, இடி, மேடையில் ஏறிப் பேசுவது, மேலதிகாரியின் முகம், இப்படி. காரணமே தெரியாமல் சாயங்காலம் ஆனதும் வயிற்றைப் பிசைகிறதே, யாராவது கேட்டால் 'என்னமோ தெரியல' என்று மட்டும் சொல்ல வருகிறதே, அதற்கு ஆஸ்பென். விபத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு கை கால் விறைத்து நிற்கிற அளவு திகில் என்றால் ராக் ரோஸ். 'எனக்குப் புத்தி கெட்டு ஏதாவது செய்துவிடுவேனோ' என்று தன்னைப் பார்த்தே பயப்படுகிறவர்களுக்கு செர்ரி பிளம் என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிற யாருக்கும் நான் பாட்டில் கொடுப்பதில்லை. முதலில் டாக்டரிடம்தான் அனுப்புகிறேன்.

ஐந்தாவது ரெட் செஸ்ட்நட். தனக்காக அல்லாமல், தன்னைச் சேர்ந்தவர்களுக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு அது.

தூத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கடைக்கு வந்தார்கள். மகன் ஆழ்கடல் போட்டுக்குப் போகிறவன். போனால் வாரக்கணக்கில் கரை திரும்ப மாட்டான். "கடலைக் கண்டா பயமா இருக்கு, அதுக்கு ஒரு மருந்து தா" என்றார்கள். நானும் மிமுலஸ் இருக்கும் தட்டுப் பக்கம்தான் கையை நீட்டினேன். ஏனோ ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது. "மகன் வீட்டுல இருக்கும்போதும் கடல் பயமா அம்மா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்கள்: "அவன் திண்ணையில படுத்து ஒறங்குனா கடல் எனக்கு ஒண்ணும் இல்ல மக்களே. எனக்கு என்ன, நான் கடல் தண்ணியிலே பெறந்து வளந்தவ." 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்ததிலிருந்து காற்றுச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வதாகவும், பக்கத்து வீட்டில் திரும்பி வராதவர் ஒருவர் உண்டு என்பதால் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்றும் சொன்னார்கள். கவுண்டரில் ஆள் நின்றுகொண்டிருந்தார்கள், நான் அவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டேன். ரெட் செஸ்ட்நட் வாங்கிக்கொண்டு போகும்போது அந்த அம்மாவின் முகம் வந்தபோது இருந்த முகம் இல்லை. அப்போது அவர்கள் மருந்துப் பாட்டிலைத் திறந்துகூட இல்லை.

உங்கள் கடிதத்திலும் துபாய்தான் முதல் வரியில் வருகிறது. அங்கே அவருக்கு என்ன ஆகுமோ என்பதா, இங்கே ராத்திரி தனியாக இருப்பதா, கடன் அடையுமா என்பதா? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் பயம் என்றால் ரெட் செஸ்ட்நட். இரண்டாவதும் மூன்றாவதும் என்றால் தங்கச்சி தந்த மிமுலஸே சரி. ஒரே நினைப்பு தேய்ந்த ரிக்கார்டு மாதிரி சுற்றிச் சுற்றி வந்து தூக்கம் கெடுகிறது என்றால் ஒயிட் செஸ்ட்நட்டைக் கூடச் சேர்க்கலாம். 30 மில்லி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, தேர்ந்தெடுத்த ஒவ்வொரு மருந்திலிருந்தும் 2 சொட்டு அதில் விட்டு, அதிலிருந்து வேளைக்கு 4 சொட்டாக ஒரு நாளைக்கு 4 வேளை எடுப்பதுதான் வழக்கமான முறை. ஒரு பாட்டிலில் ஆறேழு வகைக்கு மேல் கலக்க வேண்டாம். தண்ணீர் சேர்த்த பாட்டில் நம் ஊர் வெக்கைக்குச் சீக்கிரம் கெட்டுவிடும். ஃபிரிட்ஜில் வையுங்கள். சொட்டுக்குழாய் நாக்கில் படக்கூடாது.

கேள்வி: நான் நாகர்கோவிலில் எம்.எஸ்சி. படிக்கிறேன். இரண்டு சொட்டுப் பூத்தண்ணீர் மனசை மாற்றும் என்று எழுதுகிறீர்களே, இதற்கு ஆதாரம் உண்டா?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி தம்பி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

பாட்ச் செய்தது இதுதான். 20 வகைகளுக்குக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுத் தண்ணீரை வைத்து, மேலே பூவை மிதக்கவிட்டு, தெளிந்த வெயிலில் சுமார் மூன்று மணி நேரம் வைத்தார். மீதி 18 வகைகளைப் பூவும் குச்சியுமாக அரை மணி நேரம் கொதிக்க வைத்தார். அந்தத் தண்ணீரில் சம அளவு பிராந்தி சேர்த்தால் தாய்த் திரவம், அதாவது மூல மருந்து. அதில் 2 சொட்டை 30 மில்லி பிராந்தியில் விட்டால் கடையில் விற்கிற பாட்டில். அதிலிருந்து 2 சொட்டைத்தான் நாம் மறுபடியும் தண்ணீரில் விடுகிறோம். கடைசியில் பூவின் சத்து என்று சொல்லும்படி ஒன்றும் மிஞ்சாது.

சோதனையும் நடந்திருக்கிறது. எட்சார்டு எர்ன்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் 2010-ல் அதுவரை முறையாக நடந்த சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தார். மலர் மருந்து குடித்தவர்களும், அதே மாதிரிப் பாட்டிலில் பூ இல்லாத சொட்டைக் குடித்தவர்களும் ஒரே அளவில்தான் தேறியிருந்தார்கள். பரீட்சைப் பயத்துக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்குமே பயம் குறைந்திருந்தது.

என் கவுண்டரில் இதைச் சொல்லாமல் நான் பாட்டிலை நீட்டுவதில்லை. சிலர் கேட்டுவிட்டு வாங்காமல் போகிறார்கள், போகட்டும். வாங்குகிறவர்களுக்கு நல்லது நடந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று என்னைக் கேட்டால், 38 மனநிலைகளை முன்னால் பரப்பி வைத்து 'இதில் நான் எது?' என்று ஒருவர் தன்னைத் தானே தேடுகிறாரே, அங்கிருந்து என்பேன். நம்மில் பலருக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. கேட்டாலும் 'டென்ஷன்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். பொறுப்பு தலைக்கு மேல் போய்விட்டதா, அது எல்ம். என்னால் முடியாது என்று தொடங்கும் முன்பே ஒதுங்குகிறேனா, அது லார்ச். உள்ளே அழுதுகொண்டு வெளியே சிரிக்கிறேனா, அது அக்ரிமனி. இப்படிப் பிரித்துப் பார்க்கிற பழக்கத்துக்காகத்தான் நான் இதைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதே சொட்டில் சர்க்கரை நோய் தீரும், புற்றுநோய் கரையும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் நிற்கவே நிற்காதீர்கள்.

கேள்வி: கணவர் குடியை விட்டு, சிகிச்சை முடித்து வீட்டுக்கு வந்திருக்கிறார். காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறார், மத்தியானத்துக்கு மேல் வேலை இல்லாமல் எரிச்சலும் படபடப்பும். மலர் மருந்து கொடுக்கலாமா?
— குலசேகரம்

பதில்: திரவ மருந்தைக் கொடுக்காதீர்கள். முந்தைய பதிலில் பார்த்தீர்களே, பாட்டிலில் இருப்பது பிராந்தி. குடியை விட்டவருக்கு அந்த வாசனையே போதும். அதோடு, குடித்தால் உடம்பு தாங்காமல் போவதற்கென்று டைசல்பிராம் மாத்திரை கொடுத்திருந்தால் சாராயம் சேர்ந்த எதுவும், இருமல் மருந்துகூட, டாக்டரைக் கேட்காமல் ஆகாது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து ஆபத்தாகவும் போகலாம்.

சீனி உருண்டையில் ஏற்றித் தருகிறோமே என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதிலும் அந்தப் பிராந்தி கலந்த மருந்தைத்தான் விட்டு உலர்த்துகிறோம். சிகிச்சை கொடுத்த டாக்டர் சரி என்று சொல்லாமல் வேண்டாம். அவருடைய மத்தியானத்துக்கு ஒரு வேலை கண்டுபிடியுங்கள். தேன்பெட்டி வைப்பவர்கள் உங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு, கூட மாட நிற்கச் சொல்லுங்கள். குடிக்கிற கூட்டாளிகள் வந்து கூப்பிடுகிற நேரம் பெரும்பாலும் மத்தியானம்தான்.

கேள்வி: தோவாளை சந்தைக்குப் பக்கத்தில்தான் வீடு. பிச்சி, சம்பங்கி, அரளி எல்லாம் விடியும் முன்பே கூடை கூடையாக வந்து இறங்குகிறது. நாமே வெயிலில் வைத்து மருந்து செய்துகொண்டால் என்ன?

பதில்: அரளி வேண்டவே வேண்டாம். பூ, இலை, வேர் எல்லாமே விஷம், இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அரளி ஊறிய தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. சம்பங்கி, பிச்சி விஷமில்லை என்றாலும் மாலைக்கென்று வளர்க்கிற பூவுக்குப் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். அதை ஊறவைத்துக் குடிக்கக்கூடாது. பாட்சின் 38-ல் இந்தப் பூக்கள் எதுவும் இல்லை. ஒரு முழம் பிச்சியைத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள், மனசுக்கு அதுவே நல்லது.

கேள்வி: ஆசிரியையாக இருக்கிறேன். காலையில் எழவே முடியவில்லை, எப்போதும் அசதி. ஆலிவா, ஹார்ன்பீமா?
— தக்கலை

பதில்: மாடாக உழைத்து ஓய்ந்த அசதிக்கு ஆலிவ். வேலையை நினைத்தாலே வருகிற, ஆனால் வேலையில் இறங்கிவிட்டால் மறைந்துபோகிற அசதிக்கு ஹார்ன்பீம். உங்கள் கடிதத்தில் முடி உதிர்வதையும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இரண்டும் இப்போது வேண்டாம். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: என் மைனிக்குப் பிள்ளை பிறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பிள்ளையைத் தூக்குவதே இல்லை. சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாள், ராத்திரி அழுகிறாள். 'நான் இருந்து என்ன' என்று ஒரு நாள் சொன்னாள். அம்மா, 'பேறுகாலத்தில் அப்படித்தான் இருக்கும், மலர் மருந்து கொடுத்தால் சரியாகும்' என்கிறார்கள். எது கொடுக்கட்டும்?
— குளச்சல்

பதில்: மலர் மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம் மக்களே. இந்தக் கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

பிரசவமான சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பல பெண்களுக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வாக இருக்கலாம். அது நோய். மைனியின் சோம்பலோ பிள்ளை மேல் பாசக்குறைவோ அல்ல. மருந்து உண்டு. தாய்ப்பால் கொடுக்கும்போதும் எடுக்கக்கூடிய மாத்திரைகள் உண்டு, அதை டாக்டர் பார்த்து எழுதுவார். 'நான் இருந்து என்ன' என்று ஒருத்தி சொன்ன பிறகு ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணனும் கூட வரட்டும். போகும்வரை ராத்திரியும் பகலும் அவளைத் தனியாக விடாதீர்கள், பிள்ளையையும் அவளிடம் மட்டும் விட்டுவிட்டு நகராதீர்கள். நடு ராத்திரியில் பதற்றம் கூடினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அது அரசின் மனநல உதவி எண், கூப்பிடலாம். எந்த நேரத்திலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நிலைமை கைமீறுகிறது என்றால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். ஊர் என்ன சொல்லும் என்று அவர்களும் பயந்துதான் இருப்பார்கள். 'மன டாக்டர்' என்று சொன்னால் எழுந்து வர மாட்டார்கள் என்றால், உங்கள் பகுதிக்கு வருகிற கிராம சுகாதாரச் செவிலியரை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். தடுப்பூசிக்கு வருகிற அவர் பேச்சை அம்மா கேட்பார்கள். போய்வந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.